டிரான்ஸ்கிரிப்டில் நான் விட்ட ஒரு வரி

தேர்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆபீசிலிருந்து போன் வந்தது. நல்ல வார்த்தை வேண்டுமென்றால் அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் அந்தப் பிரிவில் குப்பை கொட்டினேன், கடைசி ஒன்பது வருஷம் சூப்பரிண்டெண்டாக. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அத்தனையும் எனக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது. ரிட்டயர் ஆன பிறகு நான் ஒன்றும் சாந்த சொரூபியாகிவிடவில்லை, அதனால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களில் இரண்டு பேரை டிரான்ஸ்கிரிப்ட் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்களாம். டிரான்ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. நம் காலேஜில் அந்த வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் உண்டு. பெற்றோரைக் கேட்டால் அது டி.சி.க்கு அக்கா முறை. மாணவனைக் கேட்டால் விசா ஆபீஸ்காரன் உயிரை வாங்குகிற ஏதோ ஒரு பேப்பர். முதல்வரைக் கேட்டால் சாயங்காலம் கையெழுத்துக்கு வருகிற இன்னொரு கட்டு. ஒரு துறைத் தலைவர் ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்று, "மேடம், மார்க் ஷீட் ஆறு பேப்பர். அதையே ஒரே பேப்பர்ல அடிச்சா டிரான்ஸ்கிரிப்ட். இதுக்குப் போய் பதினஞ்சு நாளா?" என்று கேட்டார். அடுத்த வருஷம் அவர் மகன் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஒரு எண் தப்பாகிவிடக் கூடாது என்று தினமும் மூன்று வேளை வந்து எட்டிப் பார்த்தவரும் அவரேதான்.

கோர்ட்டில் சாட்சி சொன்னதைச் சொன்னபடி அடிப்பதற்கும் இதே பெயர்தான். விசாரணைக் கமிஷனில், டாக்டர் பேசிப் பதிந்ததைக் கேட்டு எழுதும் கம்பெனியில், பேட்டியை எழுத்தாக்குகிற பத்திரிகை ஆபீசில், எல்லா இடத்திலும் இதே பெயர். பேச்சோ, பரீட்சையோ, நடந்தது நடந்தபடி எழுத்தில் இன்னொரு தடவை வருகிறது, அவ்வளவுதான். சாட்சி இழுத்தால் அந்த இழுவை அதில் இருக்க வேண்டும், அழுதால் அழுதார் என்று இருக்க வேண்டும். நன்றாக எழுதுகிறேன் பேர்வழி என்று நடுவில் கை வைத்தால் அது கதை எழுதுகிற வேலை. அதற்கு நமக்குச் சம்பளம் கிடையாது.

இதன் உபயோகம் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகக்காரன், இந்தப் பையன் மூன்று வருஷம் என்ன கிழித்தான் என்று அந்தப் பையனிடம் கேட்க மாட்டான், அவன் அப்பாவிடமும் கேட்க மாட்டான். நம்மிடம் கேட்பான். நாம் அடித்து, ஒப்பிட்டு, கவரில் போட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தால் அப்படியே நம்புவான். உலகத்திலேயே நம் கவுண்டரை நம்புகிற ஒரே ஆள் அவன்தான். இந்த ஊரில் யாரும் நம்மை அப்படி நம்பியதில்லை.

அந்தக் கவர் படுகிற பாடு இருக்கிறதே. உள்ளே சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பிரிக்கவே கூடாது என்று மிரட்டி அனுப்பினால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். நாகூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு புண்ணியவான், மகனுக்காக வாங்கிய சீல் வைத்த கவரை அப்படியே லாமினேட் பண்ணிக் கொண்டுவந்து காட்டினார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? இப்ப எவனாலயும் திறக்க முடியாது பாருங்க" என்றார். எங்கள் உதவியாளர் ஜமீலாவும் நாகூரிலிருந்து தினம் ரயிலில் வருகிறவள்தான். "எங்க ஊரு மானம் போச்சு மேடம்" என்று மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கவர் வேறு அடித்துக் கொடுத்தோம். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. நான் சொல்லப் போவது அப்படிப்பட்டதில்லை.

அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது இருந்த சூப்பரிண்டெண்ட். மூக்குப்பொடி போடுவார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். மதிப்பெண் பதிவேட்டிலிருந்து எதைப் பிரதி எடுத்தாலும் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பார். ஒருவர் பதிவேட்டைப் படிக்க வேண்டும், மற்றவர் அடித்த தாளில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அப்போது பதிவேட்டில் பெயர் இருக்கும் பத்தியை ஒரு மர ஸ்கேலால் மூடிவிடுவார், பதிவு எண் மட்டும்தான் தெரியும். "பேரைப் பாத்தா மூஞ்சி ஞாபகம் வரும். மூஞ்சி ஞாபகம் வந்தா உனக்குக் கை நடுங்கும்" என்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்கேல் வாத்தியார் என்று சொல்லிச் சிரிப்போம். அவர் ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக ஸ்கேலைத் தூக்கி ஸ்டோரில் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்.

நான் சூப்பரிண்டெண்ட் ஆன பிறகு, வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கென்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். அதற்குச் சுத்தப் பிரதி என்று பெயர் வேறு வைத்தேன். பதிவேட்டில் ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் ஆர்.ஏ. என்று குறி இருக்கும், மறுபடி எழுத வேண்டும் என்று அர்த்தம். அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணினால் அந்த மார்க் தனி வரியாக வரும். முறைப்படி டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு வரியும் இருக்க வேண்டும். என் சுத்தப் பிரதியில் ஆர்.ஏ. வரி இருக்காது. பிறகு வாங்கிய மார்க்கை முதல் தடவையே வாங்கியதுபோல் அந்த செமஸ்டரில் உட்கார வைத்துவிடுவேன். யாரும் கேட்டதில்லை, யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. நம் பிள்ளைகள் எங்கேயோ போய்ப் பிழைக்கட்டுமே, நாம் ஏன் அவர்கள் அழுக்கை ஊர் உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற பெரிய மனசு எனக்கு. எத்தனை பேருக்கு அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

அபிராமி வந்தது நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம். நன்னிலம் பக்கம் ஒரு கிராமம், பி.எஸ்சி. தாவரவியல் முடித்தவள். அப்பா கலியபெருமாள் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். அவளுக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகையோடு. டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்தால்தான் இடம் உறுதி. அந்தப் பெண் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம்கூட காலியில்லை, ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் அப்படிப் படிவம் கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். மூன்றாம் செமஸ்டர் வேதியியலில் ஆர்.ஏ., அடுத்த தடவை அறுபத்தொன்று. ஐயோ பாவம், நல்ல பிள்ளை, இந்த ஒரு வரிதானா இடைஞ்சல் என்று நினைத்தேன். என் கையால் ஒரு காகிதத்தில் எழுதி ஜமீலாவிடம் அடிக்கக் கொடுத்தேன். அந்த ஒரு வரி அதில் இல்லை.

கவரை வாங்கிக்கொண்டு அப்பாவும் பெண்ணும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் நான் இரண்டு பிடி சாதம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அங்கிருந்து காலேஜுக்கு மெயில் வந்தது. எங்கள் கண்ட்ரோலர், அதாவது தேர்வுப் பிரிவின் தலைவர், ஒரு இயற்பியல் பேராசிரியர். எந்த மெயிலிலும் முதல் பாராவை மட்டும் படித்துவிட்டு மீதியை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிற சுபாவம். முதல் பாராவில் இருந்தது இதுதான்: கவரின் நான்கு மூலைகளிலும், ஒட்டிய மடிப்பின் மேலும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஏதோ பூசப்பட்டிருக்கிறது, கவர் வழியில் பிரிக்கப்பட்டதா என்று தெரிவிக்கவும். இந்த மெயிலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் இடம் ரத்து.

கண்ட்ரோலர் மெயிலை அச்செடுத்து என் மேஜையில் போட்டார். "உங்க நன்னிலம் பார்ட்டி என்ன பண்ணி வச்சிருக்கு பாருங்க" என்றார். நானும் முதல் பாராவைத்தான் படித்தேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கலியபெருமாளுக்குப் போன் போட்டு மறுநாள் வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. கவுண்டரில் இருபது பேர் வரிசை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். நான் ஜன்னல் வழியாகவே ஆரம்பித்தேன்.

"ஏங்க, கவர்ல என்ன தடவுனீங்க?"

அவர் முதலில் புரியாமல் விழித்தார், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "மஞ்ச குங்குமம் வச்சங்கம்மா. அம்மன்கிட்ட வச்சு எடுத்துட்டுத்தான் கூரியர்ல போட்டேன். வெத வெதைக்கிறதுன்னாலும் அப்படித்தாங்க செய்வோம்."

"அது என்ன புது டிராக்டரா, மஞ்ச வச்சு எலுமிச்சம்பழம் கட்டறதுக்கு? அடுத்தவன் ஊருக்குப் போற காகிதம். கவர் மேல கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? உங்க பொண்ணு எதிர்காலத்துக்கு நீங்களே மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு வந்திருக்கீங்க."

வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்கு நாக்கில் சனி. அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் வார்த்தை வந்துகொண்டே இருந்தது. அந்த மனிதர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தப்புதாங்கம்மா. என் தப்புதான். நான் வேணா கைப்பட எழுதிக் குடுத்துடறேன். புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ வேணாம்னுதான் சொன்னா" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்று எழுத ஆரம்பித்தார்.

ஜமீலா என் பின்னால் வந்து நின்றாள். மெயில் அச்சுத்தாள் அவள் கையில் இருந்தது. "மேடம், கீழ இன்னொரு பாரா இருக்கு" என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.

இரண்டாவது பாராவை இங்கே தமிழில் சொல்கிறேன். மஞ்சள் விஷயத்தை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம் என்று இருந்தது. உண்மையான சிக்கல் வேறு. விண்ணப்பத்தோடு வந்த கட்டுரையில் இந்த மாணவி மூன்றாம் செமஸ்டரில் வேதியியலில் தோற்றதாக எழுதியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டில் அப்படி எதுவும் இல்லை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எது என்று சொல்லுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். "வேண்டாங்க. நாளைக்கு அபிராமியையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

புதன்கிழமை கண்ட்ரோலர் அறையில் நாங்கள் ஐந்து பேர். அபிராமி அந்தக் கட்டுரையின் பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். ஜமீலா அதை வாங்கி எங்களுக்குப் படித்துக் காட்டினாள். நான் மூன்றாம் செமஸ்டரில் வேதியியலில் தோற்றேன் என்றுதான் அது ஆரம்பித்தது. அந்த நவம்பரில் விடாத மழை. நட்டு ஒரு மாசம் ஆன சம்பா முழுக்கத் தண்ணீருக்குள். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடிய வழியில்லை. வீட்டில் இருந்த எல்லோரும் நாலு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டி இழுத்துப் போட்டார்கள், இவளும்தான். அதிலிருந்து கரையேறி நேரே பரீட்சைக்கு வந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் எழுத ஓடாமல் எழுந்து போயிருக்கிறாள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஒரே வயலில் ஒரு திட்டு பிழைத்திருக்கிறது, பக்கத்துத் திட்டு வேரோடு அழுகியிருக்கிறது. ஒரே நாற்று, ஒரே தண்ணீர், அப்புறம் ஏன் இப்படி? அதைத்தான் அவள் படிக்கப் போகிறாள். அங்கிருக்கும் பேராசிரியர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவில் இவளைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கதைக்காகத்தான். அந்தக் கதை நடக்கவே இல்லை என்று நான் முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

கண்ட்ரோலர் தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா. தப்பா ஞாபகம் வச்சு எழுதிட்டேன்னு நீ ரெண்டு வரி மெயில் போட்டுடு. டிரான்ஸ்கிரிப்ட் கிளீனா இருக்கு. உனக்கு நல்லதுதானே?"

"சார், நான் ஃபெயிலானேன்."

"அதான் அப்புறம் பாஸ் பண்ணிட்டியே."

"அது அடுத்த தடவை சார்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"அவங்க கேக்கறது அது இல்ல சார். நான் அப்படி எழுதினா, தண்ணிக்குள்ள நின்னதும் பொய்யின்னு ஆயிடும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட பேசவில்லை. "மேடம், நான் உங்ககிட்ட இதை எடுக்கச் சொன்னேனா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

உன் நல்லதுக்குத்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதைத்தான் அந்தப் பக்கம் கண்ட்ரோலரும் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரையும் மெயிலும் ஆங்கிலத்தில், கலியபெருமாளுக்கு அது தெரியாது. மகள் பக்கத்தில் நின்று என்ன நடந்தது என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, நான் மஞ்ச வச்சது கவருக்கு மேலங்க. உள்ள நான் ஒண்ணும் வைக்கலீங்க" என்றார்.

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நேற்று இருபது பேர் முன்னால் ஏற்றுக்கொண்ட தப்பில் எது தன்னுடையது, எது இல்லை என்று தனக்காகத்தான் பிரித்துப் பார்த்தார். நான் அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷ சர்வீசில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை.

அவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு கண்ட்ரோலர் அடுத்த யோசனையை எடுத்தார். "சரி, டைப்பிங் மிஸ்டேக்னு எழுதிடுவோம். வரி விட்டுப்போச்சு. யாருக்கு வராது?" நல்ல யோசனைதான். டிரான்ஸ்கிரிப்டின் கீழே இடது ஓரத்தில் அடித்தவரின் சுருக்கொப்பம் இருக்கும். அது ஜமீலாவுடையது. தட்டச்சுப் பிழை என்று எழுதினால் மெமோ அவளுக்குத்தான் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜமீலா நகராமல் நின்றாள். "சார், நான் அடிச்சது மேடம் கைப்பட எழுதிக் குடுத்த காகிதத்தைப் பாத்து. அந்தக் காகிதம் என் டிராயர்ல இருக்கு" என்றாள்.

நான் எழுதிக் கொடுத்த காகிதங்களை எல்லாம் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலில் சுருக்கென்றது, அடுத்த நிமிஷம் இவளுக்கல்லவா என் நாற்காலியைக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நீங்களும் சேர்த்து வையுங்கள். அதிலும் முக்கியமாக, உங்கள் மேல் பாசமாக இருக்கும் அதிகாரி எழுதிக் கொடுப்பதை.

"டைப்பிங் மிஸ்டேக் இல்ல சார். நான் எடுத்தேன். அப்படியே எழுதறேன்" என்றேன்.

"ஒரு பொண்ணுக்காக இவ்வளவா? இவளுக்கு மட்டும்தான் எடுத்தீங்களான்னு அடுத்த மெயில்ல கேப்பான். என்ன சொல்வீங்க?"

"அதையும் நானே எழுதிடறேன் சார்."

அவர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கடிதம் வந்தது. திங்கட்கிழமை வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார், அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை காலையில் நானும் ஜமீலாவும் எதிரெதிரே உட்கார்ந்து அபிராமியின் பதிவைப் புதிதாகப் பிரதி எடுத்தோம். அவள் படித்தாள், நான் சரிபார்த்தேன். ஆர்.ஏ. வந்தபோது அவளும் நிறுத்தவில்லை, நானும் நிமிரவில்லை. பிறகு கடிதம் எழுதினேன். அந்த வரியை நீக்கியது நான். மாணவி கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது. அவர் கட்டுரையில் எழுதியது உண்மை, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி இணைப்பில் உள்ளது. இந்த ஆபீசில் சில வருஷங்களாக வேறு மாணவர்களுக்கும் நான் இப்படிக் கொடுத்திருக்கிறேன். கவரின் மேல் இருந்தது மஞ்சளும் குங்குமமும், கவர் பிரிக்கப்படவில்லை. கடைசி வரியை எழுதும்போது கை கூசியது. இருபது பேர் முன்னால் அந்த மனிதரைச் சிறுமைப்படுத்தியதற்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. அதற்கு அன்று சாயங்காலம் போனில் அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

கண்ட்ரோலர் இல்லாததால் கையெழுத்துக்கு முதல்வரிடம் போக வேண்டும். சாயங்காலக் கட்டோடு கட்டாக வைத்திருந்தால் பார்க்காமலே போட்டிருப்பார். அந்த வித்தை எனக்குத் தெரியாதா என்ன? தனியாக எடுத்துக்கொண்டு போய், முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள் சார் என்றேன். அவர் இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப ரிட்டயர் ஆறீங்க?"

"எட்டு மாசம் இருக்கு சார்."

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க சார்."

கையெழுத்தைப் போட்டார். மெமோவையும் சொன்னபடி கொடுத்தார். அந்தக் காலேஜில் சொன்ன வேலை சொன்ன தேதியில் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றே மெயிலில் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஜமீலா தன் ரயிலைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கலியபெருமாளும் அபிராமியும் வராந்தா பெஞ்சில். அந்த மனிதர் வருகிற போகிறவர்களையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண் ஒரு தடவைகூட தலையைத் தூக்கவில்லை. நாலரை மணிக்குப் பதில் வந்தது. இந்த முறை எல்லோரும் எல்லாப் பாராவையும் படித்தோம். முதல் பாராவில் அபிராமியின் இடமும் உதவித்தொகையும் உறுதி. கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாராவில் விவரம் தெரிவித்ததற்கு நன்றி. மூன்றாவது பாராவை அப்புறம் சொல்கிறேன்.

அபிராமி ஜெர்மனிக்குப் போய்ப் படிப்பில் சேர்ந்தாள். கிளம்பும் முன் அவள் ஆபீசுக்கு வந்து ஜமீலாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். நான் அப்போது சீட்டில்தான் இருந்தேன். என்னிடம் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, கூப்பிட்டுப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லை, நேர்மையைப் பற்றி வகுப்பு எடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். நான் யார் வகுப்பெடுக்க? நேர்மையாக இருந்தவள் அந்தப் பெண், கணக்காகக் காகிதம் வைத்திருந்தவள் ஜமீலா. நான் மாட்டிக்கொண்ட பிறகு உண்மையைச் சொன்னவள். உங்களிடம் யாராவது பணக் கவரோடு வந்து மார்க்கைத் திருத்தச் சொன்னால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவீர்கள், அதில் எனக்குப் பயமில்லை. யாருமே கேட்காமல், நல்ல பிள்ளையாச்சே என்று உங்களுக்கே மனசு இளகும் பாருங்கள், அப்போது எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். அந்தப் பிள்ளை தன் தோல்வியை வைத்து என்ன செய்யப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

இனி அந்த மூன்றாவது பாரா. உங்கள் கல்லூரியிலிருந்து இனி வரும் எந்த டிரான்ஸ்கிரிப்டையும் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி இல்லாமலும், தனியாகக் கேட்டு உறுதி செய்யாமலும் ஏற்க மாட்டோம் என்று அதில் இருந்தது. அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு மூன்று இடங்களுக்கும் அது பரவிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் இத்தனை கேள்வி கேட்கிறார்களே, பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் பத்து நாளில் வாங்குகிற அட்மிஷனை நம் பிள்ளைகள் இரண்டு மாசம் காத்திருந்து வாங்குகிறார்களே என்று நீங்கள் சலித்துக்கொள்வதாக ஜமீலா சொன்னாள். போன வருஷம் ஒரு பையனுக்கு அதனாலேயே இடம் கைநழுவிப் போனதாம். அவன் மார்க்கில் ஒரு குறையும் இல்லையாம், ஒரே தடவையில் எல்லாம் பாஸாம். அவன் முகம் எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது. அந்தக் கேள்விகள் வருவது என்னால்தான். என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், பதிலை மட்டும் அன்றன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.